நாளொரு செய்தி



பள்ளிக்கூடங்கள் பலவற்றில், தலைமையாசிரியர் அறைக்கு எதிரேயுள்ள தாழ்வாரத்தில், சிறு கரும்பலகை ஒன்று மாட்டப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் மேற்புறத்தில் ஒரு குறள் இருக்கும். அதற்குக் கீழே அன்றைய தேதியும் கிழமையும், வந்தோர் வராதோர் கணக்கும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் அடியில், எஞ்சிய சிறிய இடத்தில், ‘இன்றைய செய்தி’ என்ற தலைப்பில் இரண்டு அல்லது மூன்று வரிகள் எழுதப்பட்டிருக்கும். நின்று படிப்போர் சிலர். நடந்துகொண்டே படிப்போர் சிலர். பலகை ஒன்று இருப்பதையே அறியாமல் ஐந்தாண்டு படித்துவிட்டுப் போவோரும் உண்டு. அந்த மூன்று வரிகளை எழுதும் பொறுப்பு நான் வரலாற்றாசிரியனாக இருந்த பள்ளியில் பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அப்பலகையைப் பற்றியும், அதில் நான் எழுதிய பிழை ஒன்றைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நாள்தோறும் ஒரு புதிய செய்தி தேடுவது தொடக்கத்தில் எளிதாகவே இருந்தது. சொற்களே முதல் சில மாதங்களுக்குப் போதியனவாயின. நம் வீட்டுப் பொருள்களின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி ஆகிய நான்கும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பிறகு, அந்நாட்டு வணிகரும் பாதிரிமாரும் நம் கடற்கரை ஊர்களில் தங்கினர். அவர்கள் பொருள்களோடு பெயர்களும் குடியேறின. சந்தையில் ‘ஏலம்’ போடுகிறோமே, அச்சொல்லும் அவர்கள் தந்ததே. நாமும் கொடாமல் இல்லை. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் முதலிய சொற்களை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டு கப்பலேற்றிச் சென்றனர். ஆனால், நாம் கட்டுமரம் என்பது மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவையை. ஆங்கிலத்தில் அப்பெயர் இன்று குறிப்பதோ இரண்டு உடல்களை இணைத்துச் செய்த படகினை. பெயர் போன வழியில் பொருளும் உடன் போகும் என்ற நியதி இல்லை.

இச்சொற்களுள் எனக்கு மிகவும் பிடித்தது மிளகாய். ‘மிளகு’ என்பதோடு ‘காய்’ என்பது சேர்ந்து பிறந்த பெயர் அது. சங்க நூல்களில் மிளகு உண்டு. ‘கறி’ என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு. மிளகாய் இல்லை. இருக்கவும் இயலாது. அச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் அங்கே சென்ற 1492க்குப் பிறகே அது கடல் கடந்து நம் நாட்டை அடைந்தது. புதிய காயின் காரத்தை நாவால் அறிந்த நம் முன்னோர், தாம் முன்னமே அறிந்த காரத்தின் பெயரால் அதனை அழைத்தனர். பாரியும் அதியமானும் மிளகாயின்றியே உண்டனர் என்று நான் பலகையில் எழுதிய அன்று, உணவு இடைவேளையில் அதைப் பற்றிப் பேசாத மாணவன் இல்லை.

இயற்கைச் செய்திகள் இத்துணை அமைதியாகச் சென்றுவிடவில்லை. ஒரு சித்திரை மாதத்தில், ‘கூவென்று பாடுவது ஆண்குயில், அது கருநிறம், சிவந்த கண்கள் உடையது, பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது, அது காக்கையின் கூட்டில் முட்டையிடும்’ என்று எழுதினேன். எங்கள் தமிழையாவுக்கு அது பொறுக்கவில்லை. குயிலின் இனிய குரலைப் பெண்ணின் குரலுக்கு உவமையாக்கிப் பாடிய புலவரெல்லாரும் கண்ணில்லாதவரா என்று கேட்டார். நான் வாதாடவில்லை. பள்ளியின் பின்புறத்து வேப்பமரத்தில் ஒரு குயில் இரண்டு நாளாகத் தொடர்ந்து கூவிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் தமிழையாவே என்னை அழைத்துச் சென்று, “அதோ, கரியவன்தான் பாடுகிறான், புள்ளி போட்ட அம்மையார் கிளையில் வாய்திறவாமல் இருக்கிறார்” என்று காட்டினார். உண்மையில் அந்த அம்மையாரும் ‘கிக் கிக்’ என்று கத்துவதுண்டு. அதனை யாரும் பாட்டென்று சொல்லார்.

இனி, என் பிழைக்கு வருகிறேன்.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 29, வியாழக்கிழமை. அன்று எதை எழுதுவது என்று சிந்திக்கவே தேவையில்லை அன்றோ? சிறு பொது அறிவு நூல் ஒன்றை எடுத்தேன். அதிலிருந்த வரியை அப்படியே பலகையில் எழுதினேன். ‘நான்கால் மீதியின்றி வகுபடும் ஆண்டு ஒவ்வொன்றிலும் பிப்ரவரி மாதத்திற்கு 29 நாள்கள். இத்தகைய ஆண்டு லீப் ஆண்டு எனப்படும்.’ இதில் பிழை ஏதும் உண்டு என்று அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.

முதல் மணி முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். அதிகம் பேசாதவன், வகுப்பில் முதல்வனும் அல்லன். “ஐயா, 1900ஆம் ஆண்டு நான்கால் வகுபடுமா?” என்று கேட்டான். வகுபடும் என்றேன். “அந்த ஆண்டில் பிப்ரவரி 29 இல்லையே, ஐயா” என்றான். எப்படி அறிவாய் என்று கேட்டதற்கு, “வீட்டுக் கணக்கேட்டில் இல்லை” என்று மட்டும் சொன்னான். நான் சிரித்துவிட்டேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

மறுநாள் அவன் அக்கணக்கேட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர் எழுதிய நாள்வழி அது. எண்களெல்லாம் தமிழ் எண்கள். அவ்வெண்களைப் படிக்கப் பேரனுக்குக் கற்பிப்பதற்காகவே தாத்தா அந்த ஏட்டை அவ்வப்போது பெட்டியிலிருந்து எடுப்பாராம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, அவற்றின் பக்கத்தில் ஆங்கிலத் தேதி என முறையாக எழுதப்பட்டிருந்தன. விகாரி ஆண்டு, மாசி மாதம். ஒரு பக்கத்தில் பிப்ரவரி 28. அடுத்த பக்கத்தில் மார்ச் 1.

ஆசிரியர்க்கு உரிய விரைவோடு நான் ஒரு விடை சொன்னேன்: “இடையில் ஒரு நாள் கடையை அடைத்திருப்பார்.” மாணவன் விரலைக் கிழமையின் மேல் வைத்தான். “அப்படியானால் கிழமை விட்டுப்போயிருக்க வேண்டுமே, ஐயா. இது புதன், இது வியாழன்.” தமிழ்த் தேதியும் ஒன்றை அடுத்து ஒன்றாகவே இருந்தது. இதற்கு மேல் சான்று வேண்டுமா? வாரமும் மாசி மாதமும் தொடர்ந்து நடந்திருக்கின்றன. ஆங்கில மாதம் மட்டுமே 28இல் முடிந்திருக்கிறது. பருப்பும் புளியும் விற்ற ஒரு வணிகரின் கணக்கு, நான் நம்பிய அச்சுப் புத்தகத்தைப் பொய்யாக்கிவிட்டது.

அன்று மாலையே நூலகத்திற்குச் சென்றேன். அங்கே அறிந்துகொண்டவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீங்களும் தாளும் பென்சிலும் வைத்துச் சரிபார்க்கலாம்.

சூரியனைச் சார்ந்து பருவங்கள் ஒரு சுற்றுத் திரும்பிவர ஆகும் காலம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 விநாடி அளவு. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர், கிறித்துவுக்கு முன் 45ஆம் ஆண்டில் தாம் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாட்காட்டியில், இதனை 365 நாளும் 6 மணியும் என்று கொண்டார். நான்கு ஆறு மணிகள் சேர்ந்தால் ஒரு நாள். ஆகையால் நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டினால் போதும். கணக்கு எளியது. ஆனால் ஆண்டொன்றுக்கு 11 நிமிடமும் 14 விநாடியும் மிகுதியாகிவிட்டன. ஒரு மனிதனின் வாழ்நாளில் இது ஒரு பொருட்டன்று. 128 ஆண்டுகளில் இது ஒரு முழு நாள் ஆகிவிடும். பதினாறாம் நூற்றாண்டில், பகலும் இரவும் ஒத்திருக்கும் வசந்தகால நாள், மார்ச் 21ஆம் தேதியை விட்டு மார்ச் 11ஆம் தேதிக்கு வந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளை அந்நாளைக் கொண்டு கணிக்கும் கிறித்துவத் திருச்சபைக்கு இது பெரும் இடரன்றோ?

ஆகவே, போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் ஓர் ஆணை பிறப்பித்தார். அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என்று கொள்ளப்பட்டது. பத்துத் தேதிகள் ஏட்டிலிருந்து நீங்கின. கிழமை மட்டும் நீங்கவில்லை. வியாழனை அடுத்து வெள்ளியே வந்தது. இனிப் பிழை சேராதிருக்க, நூறால் வகுபடும் ஆண்டுகள் 400ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு என்று விதி செய்தனர். எனவே 1700, 1800, 1900 ஆகியவை லீப் ஆண்டுகள் அல்ல; 1600, 2000 ஆகியவை லீப் ஆண்டுகள். 400 ஆண்டுகளில் 100 மிகுநாள்களுக்கு மாறாக 97 மிகுநாள்களே வரும். அந்த 400 ஆண்டுகளின் மொத்த நாள்களைக் கூட்டிப் பாருங்கள்: 1,46,097. இத்தொகை ஏழால் மீதியின்றி வகுபடும். ஆதலின், 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் பழைய வரிசையிலேயே திரும்பி வருகின்றன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை; தானே அமைந்த அழகு இது.

இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகள் உடனே புதிய முறையை ஏற்றன. பிரான்சு அவ்வாண்டின் இறுதியில் ஏற்றது. இங்கிலாந்து போப்பாண்டவரின் ஆணைக்கு இணங்கவில்லை. 170 ஆண்டுகள் பழைய முறையிலேயே நின்று, 1752இல்தான் மாறியது. அதற்குள் வேறுபாடு 11 நாள் ஆகிவிட்டதால், அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று.

இங்கேதான் இக்கதை நம் கடற்கரைக்கு வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயருடையது, புதுச்சேரி பிரெஞ்சுக்காரருடையது. 1752 வரையில் இவ்விரு கோட்டைகளும் 11 நாள் வேறுபட்ட தேதிகளில் வாழ்ந்தன. புதுவையில் செப்டம்பர் 1ஆம் தேதி எழுதிய கடிதத்தை ஓர் ஆள் நான்கு நாள் நடந்து சென்னையில் சேர்த்தால், அங்கே அன்று ஆகஸ்ட் 25! கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்ததாகக் கணக்கு.

இது வெறும் வேடிக்கையன்று. 1746இல் லபூர்தொனே என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். அங்கே சிறைப்பட்டு, பின்னர் மாறுவேடத்தில் தப்பியவர்களுள் எழுத்தராக இருந்த இளைஞர் ராபர்ட் கிளைவும் ஒருவர். கோட்டை பணிந்த நாள் எது? ஆங்கிலேயர் ஆவணப்படி செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் ஆவணப்படி செப்டம்பர் 21. இரண்டு நூல்களில் இரண்டு தேதிகளைக் காணும் மாணவன், இவற்றுள் ஒன்று பிழையென்று எண்ணி ஒன்றை அடித்துவிடுவான். நானே என் மாணவப் பருவத்தில் அவ்வாறு அடித்திருக்கிறேன். இரண்டும் சரி, இரண்டும் ஒரே நாள். அட்சய ஆண்டுப் புரட்டாசி மாதத்தின் ஒரு நாள் என்றால் இக்குழப்பமே இல்லை. புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பில், தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே குறித்தார். என் மாணவனின் கொள்ளுத்தாத்தா செய்ததும் அதுவே. இவர் துபாஷி, அவர் மளிகைக்காரர். ஆயினும் காலத்தை இரண்டு கயிறுகளால் கட்டிவைக்க வேண்டும் என்ற விழிப்பு இருவர்க்கும் இருந்தது.

இவ்வேறுபாட்டை அறியாததால் பரவிய செய்திகள் பல. ஷேக்ஸ்பியரும், ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23ஆம் தேதி ஒரே நாளில் மறைந்தனர் என்பது அவற்றுள் ஒன்று. அத்தேதியிலேயே 1995 முதல் உலகப் புத்தக நாளும் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆனால் இங்கிலாந்தின் அந்த ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3. ஒரே தேதி உண்டு. ஒரே நாள் இல்லை. ரஷ்யாவின் அக்டோபர்ப் புரட்சிக்கு நவம்பர் மாதத்தில் விழா எடுத்ததும் இதே காரணத்தால்தான். 1917இல் அவர்களுடைய அக்டோபர் 25, பிற நாடுகளில் நவம்பர் 7. மறு ஆண்டில் அவர்களும் புதிய முறைக்கு மாறினர்.

‘அப்படியானால் நம் பஞ்சாங்கம் பிழையற்றதா?’ என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். என் வகுப்பிலும் கேட்டார்கள். விடை சொல்லச் சற்றுத் தயங்கினேன், எனினும் சொன்னேன். நம் தமிழ் மாதங்கள், சூரியன் ஒரு ராசியிலிருந்து மற்றொரு ராசிக்குப் புகுவதைக் கொண்டு அமைந்தவை. விண்மீன்களை எல்லையாகக் கொண்ட இவ்வாண்டு, பருவங்களை எல்லையாகக் கொண்ட ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீண்டது. பூமியின் அச்சு, தளர்ந்து சுழலும் பம்பரத்தைப் போல, மிக மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு சுழல்வதே இதற்குக் காரணம். அதனால் ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில், புதிய முறைக் கணக்கில் ஏப்ரல் 9 அல்லது 10ஐ ஒட்டிப் பிறந்த சித்திரை, இப்பொழுது ஏப்ரல் 14ஐ ஒட்டிப் பிறக்கிறது. தை முதல் நாளில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது என்று சொல்கிறோம். நம் கண்ணால் காணும் வானில் அத்திருப்பம் டிசம்பர் 21, 22ஆம் தேதிகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் அளவில் முன்னே இரண்டும் ஒருநாளில் பொருந்தியிருந்தன. இதனைப் பிழை என்பதைவிட, அளவுகோல் வேறு என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ஒருவர் பருவத்தை அளக்கிறார். மற்றொருவர் விண்மீனை அளக்கிறார். மேகநாத சாகா தலைமையிலான குழு ஆராய்ந்து கூறியதன்மேல் 1957 மார்ச் 22 முதல் நம் அரசு ஏற்ற சக ஆண்டு நாட்காட்டி, இவ்வளவுகோல்களுள் பருவத்தையே தேர்ந்துகொண்டது. வானொலியில் அந்தத் தேதியைக் கேட்டு, ‘இது என்ன புதுக்கணக்கு’ என்று வியந்தவர்களுக்கு இது விடையாகலாம்.

பலகைக்குத் திரும்புவோம். பிழையை என்ன செய்வது என்ற கேள்வி என்னை அன்றிரவு முழுதும் வருத்தியது. பிப்ரவரி 29ஆம் நாளின் செய்தி மறுநாட் காலையிலேயே வழக்கம்போல் அழிக்கப்பட்டுவிட்டது. நான் வாளாவிருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட மாணவர் சுமார் நாற்பது பேர். அவர்கள் வளர்ந்து பிறருக்குச் சொல்வார்கள். நானும் யாரோ ஒருவர் எழுதியதைப் படித்துத்தானே எழுதினேன்? மறுவாரம் திங்கட்கிழமை, காலை வணக்கத்தின்போது, நான் எழுதியது தவறு என்று எல்லார் முன்னும் சொன்னேன். பிறகு அம்மாணவனை அழைத்துச் சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். அவனுடைய எழுத்து கோணலானது. ‘1900க்கு இல்லை. 2000க்கு உண்டு. 2100க்கு இல்லை’ என்று மூன்று வரி எழுதினான். காரணத்தை எழுத இடம் போதவில்லை.

அதன் பின் ஒரு மாதம் பள்ளியில் இதே பேச்சு. விதியின் முற்பாதியை மட்டும் கேட்ட சில சிறுவர்கள், நூறால் வகுபடுவதால் 2000க்கும் 29ஆம் நாள் இல்லை என்று வாதிட்டனர். பிற்பாதியையும் கேட்டவர்கள் உண்டு என்றனர். நான்கு ஆண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொண்டேன். எங்கள் தமிழையா மட்டும், “2100ஐ யார் இருந்து சரிபார்க்கப் போகிறார்கள்?” என்று கேட்டுச் சிரித்தார்.

2000ஆம் ஆண்டில் அம்மாணவன் வேறோர் ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் பள்ளி முகவரிக்கு என் பெயரிட்டு ஓர் அஞ்சலட்டை வந்தது. நலம் விசாரிப்பு ஏதும் அதில் இல்லை. வலப்பக்க மூலையில், சற்றுப் பெரிய கோணல் எழுத்தில், தமிழ் எண்களில், 29-2-2000, செவ்வாய் என்று தேதி மட்டும் இருந்தது. அடியில் அவன் கையெழுத்து.